பொரித்த எண்ணெய்க்கு நற்சான்றிதழ்

அத்தியாயம் ஐந்து

கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோன மென்னோ, அதே வேகத்தில் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தான்.

"பாஸ், இதுல மொத்தம் எத்தனை மீன் குளிச்சிருக்கும்?"

"பழசாக் கேட்டு வாங்கினியா?" என்றாள் ஆல்டா போஸ்கர். நிமிரவில்லை. கேல் கீரையைத் துணியில் கட்டி, பச்சைச் சாறு சொட்டச் சொட்டப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இருக்கறதுலயே பழசு வேணும்னு கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாப் பார்த்தார். உங்க பாஸ் சமைக்க ஆரம்பிச்சுட்டாங்களான்னு கேட்டார்."

ஃபீன்டாம் நகரில், கால்வாயை ஒட்டிய தெருவில், ஒரு வறுவல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஆல்டாவின் துப்பறியும் அலுவலகம். மழை பெய்தால் ஈர வாடை, மழை நின்றால் எண்ணெய் வாடை. இன்று இரண்டும்.

பிழிந்த சாற்றை எண்ணெயில் கலந்து, சூடாக்கி, வடிகட்டினாள். மீன் பொரித்துக் கறுத்த எண்ணெய் பச்சையும் பழுப்புமாக மாறியது. பார்வைக்கு மூலிகை எண்ணெய் போலவே இருந்தது. வாடைதான் காட்டிக்கொடுத்தது. அதை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பினாள். புட்டியின் லேபிளில் ஒரு சிறுமி புல்வெளியில் கண் மூடிப் படுத்திருந்தாள். மேலே 'அமைதி வயல்' என்று நிறுவனத்தின் பெயர். கீழே, சிபிடி பத்து சதவீதம்.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற, போதை ஏற்றாத சத்துதான் சிபிடி. தூக்கம் வராதவர்கள் வாங்கினார்கள், மூட்டு வலிக்காரர்கள் வாங்கினார்கள். ஹார்ம்கே தன் மகளுக்காக வாங்கினாள்.

ஹார்ம்கே பஸ் ஓட்டுபவள். மகள் ஃபென்னாவுக்கு ஏழு வயது, கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரைகளோடு, அவருக்குத் தெரிந்தே, இந்த எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்து வந்தாள். ஃபென்னாவுக்கு அது ஒத்துக்கொண்டது. வீட்டில் எல்லாரும் முழுசாகத் தூங்கினார்கள். போன இலையுதிர் காலத்தில் வலிப்பு திரும்பியது. நீச்சல் வகுப்பில், தண்ணீருக்குள்ளே. சொல்லிக்கொடுப்பவர் உடையோடு குதித்துத் தூக்கியதால் பிள்ளை பிழைத்தது.

ஹார்ம்கேயின் சந்தேகம் எண்ணெய் மேல் விழுந்தது. வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தில் புட்டியைக் கொடுத்தாள். சங்கத் தலைவர் சீபோல்ட் யாருடைய புட்டியையும் வாங்கி, க்ரோனிங்கனில் உள்ள ஒரு லேபுக்கு அனுப்பி, இலவசமாகவே அளந்து தருவார். முடிவு வந்தது. பத்து சதவீதம், லேபிளில் போட்டபடியே.

அதன் பிறகுதான் ஆல்டாவின் படியேறினாள்.

"லேப் சரியா இருக்குன்னுது. டாக்டர் சில சமயம் மருந்து கேக்காம போயிடும்ங்கறார்" என்றாள் அன்று. "ஆனா இதே எண்ணெயைக் கொடுக்கற வேற ஆறேழு வீட்லயும் இதே கதை. எல்லாருக்கும் ஒரே சமயத்துல எப்படிங்க கேக்காம போகும்?"

போகும்போது கதவருகே நின்று இன்னொன்றும் சொன்னாள். "முன்னல்லாம் இந்த எண்ணெயை வாயில விட்டா அழுவா. இப்ப சமர்த்தா முழுங்கிடறா. அதுதான் எனக்கு ஒரே ஆறுதல்."

ஆல்டா அந்தக் கடைசிப் பேச்சைப் பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

இப்போது புட்டியின் மூடியை இறுக்கி மென்னோவிடம் நீட்டினாள். "சீபோல்ட் வீட்ல கொண்டுபோய்க் குடு. உன் அக்கா பொண்ணுக்கு வலிப்புன்னு சொல்லு."

"எனக்கு அக்காவே இல்லையே பாஸ்."

"அதனாலதான் தைரியமாச் சொல்லச் சொல்றேன்."

"லேப் இதையும் பத்துன்னு சொல்லிட்டா?"

"அளக்காமலே எழுதறாங்கன்னு அர்த்தம். அந்த லேபை உரிச்சுத் தொங்க விட்டுடலாம்."

மென்னோ புட்டியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினான். "என் காரோட வாழ்க்கை இன்னியோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் முகம் குழம்பியிருந்தது.

"நல்ல மனுஷன் பாஸ் அந்த சீபோல்ட். காபி குடுத்தார். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கெட் குடுத்தார். மூடப் போனவர், மறுபடி திறந்து இன்னொண்ணும் குடுத்தார். இந்த ஊர்ல எனக்கு யாரும் ரெண்டாவது பிஸ்கெட் குடுத்ததில்ல. அவர் பொண்ணு நீன்கேவுக்கும் வலிப்பாம், இதே எண்ணெய்தான் குடுக்கறாராம். நான் இல்லாத அக்காவை நினைச்சுக் கொஞ்சம் அழுதுகூடக் காட்டினேன்."

"ரெண்டு பிஸ்கெட்டுக்கு ஆளை வித்துடுவே நீ."

"ஒண்ணுக்கே வித்துடுவேன். ரெண்டுன்னா மரியாதையும் சேர்த்து."

*

முடிவு வந்த அன்று ஹார்ம்கே அலுவலகத்தில்தான் இருந்தாள். பஸ் சீருடையோடு வந்திருந்தாள். ஃபென்னா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, தலையில் மெத்தை வைத்த கவசத்தோடு, கடைக்காரர் கொடுத்த உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தாள்.

மென்னோ கணினித் திரையைப் படித்தான். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

"சிபிடி பத்து சதவீதம். நிறம் திருப்தி. வாசனை..." நிறுத்தினான். "வாசனை, இந்தச் செடிக்கே உரியதாம் பாஸ்."

ஹார்ம்கே ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "யாரோட புட்டி அது?"

ஆல்டா சொன்னாள். கீழே உள்ள கடையின் பழைய எண்ணெய், கொஞ்சம் கீரைச் சாறு, வேறு எதுவும் இல்லை என்று.

ஹார்ம்கே முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ மாட்டிக்கொண்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். வெயில்ல வச்சிருப்பியோன்னு சீபோல்ட் கேட்டார். வெயில் பட்டா சத்து போயிடுமாம். சமையல்கட்டு ஜன்னல்லதான் வச்சிருந்தேன். என் பிள்ளை தண்ணில மூழ்கினது என்னாலதான்னு இத்தனை மாசமா..."

   ஆல்டா இருபது வருடம் காவல்துறையில் இருந்து பிணங்களைப் பார்த்தவள்தான். பிணங்கள் குமட்டுவதற்கு ஒரு எல்லை உண்டு. உயிரோடு இருப்பவர்கள் செய்வதற்கு அது இல்லை.

"இப்ப ஃபென்னாவுக்குக் குடுக்கற புட்டி கைல இருக்கா?"

ஹார்ம்கே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாதி இருந்தது.

*

க்ரோனிங்கன் லேபின் தலைவர் ரூலோஃப், உயரமான, சிடுசிடுத்த மனிதர். ஆல்டா சொன்னதை நின்றபடியே கேட்டார். பாதியிலேயே காது சிவந்துவிட்டது.

"அளக்காம எழுதறேன்னு என் முகத்துக்கு நேரா சொல்றீங்க."

"பொரிச்ச எண்ணெய்க்கு நற்சான்றிதழ் குடுத்திருக்கீங்க சார். வாசனை செடிக்கே உரியதுன்னு வேற" என்றான் மென்னோ. "உங்க மூக்கை முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

ரூலோஃப் கையை நீட்டினார். "அந்தப் பிள்ளையோட புட்டியைக் குடுங்க. உங்க கண்ணு முன்னாடி ஓட்டறேன். அப்புறம் பேசலாம்."

ஒரு துளியை ஆல்கஹாலில் கரைத்து, இயந்திரத்துக்குள் செலுத்தினார். எண்ணெயில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும், வரும்போது திரையில் ஒரு மேடு எழும்பும், மேடு எவ்வளவு பெரியதோ அந்தப் பொருள் அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம். வேண்டாவெறுப்பாகத்தான் விளக்கினார். சிபிடி எழும்ப வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். கோடு நகர்ந்தது. விரல் வைத்த இடத்துக்கு வந்தது, அதைக் கடந்தும் போனது.

"எங்க மாகாணம் மாதிரியே தட்டையா இருக்கு பாஸ்" என்றான் மென்னோ மெதுவாக. "பேருக்குக்கூட ஒரு மேடு இல்ல."

"வெறும் சூரியகாந்தி எண்ணெய்" என்றார் ரூலோஃப். அவர் முகத்திலிருந்த கோபம் இடம் மாறியிருந்தது. "நிறத்துக்கு என்னமோ போட்டிருக்காங்க. சத்துன்னு ஒரு துளி கிடையாது. இதையா பிள்ளைக்குக் குடுக்கறாங்க?"

"இதையேதான். இதே கம்பெனி எண்ணெயைத்தான் நீங்க ஒவ்வொரு தடவையும் பத்துன்னு சொல்லியிருக்கீங்க."

"என் கைக்கு வந்ததுல பத்து இருந்தது. வந்ததை அளந்தேன். அளந்ததை எழுதினேன்."

ஆல்டா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மனிதர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அளந்த பிறகு மிச்சத்தை வச்சிருப்பீங்களா?"

"சங்கத்துப் புட்டிங்க எல்லாமே குளிர்பெட்டில இருக்கு."

மென்னோ கொண்டுபோய்க் கொடுத்த புட்டியை அவர் எடுத்து வந்தார். அதே லேபிள், அதே சிறுமி. சங்கம் ஒட்டிய சீட்டில் மென்னோவின் இல்லாத அக்காவின் பெயர். ஆல்டா கண் காட்டினாள். மென்னோ மூச்சை அடக்கிக்கொண்டு மூடியைத் திறந்தான். தயங்கித் தயங்கி முகர்ந்தான். பிறகு நன்றாக இழுத்து முகர்ந்தான்.

"புல்லு. ஈரப் புல்லு வாசனை. மீனே இல்ல பாஸ்." நாக்கு நுனியில் ஒரு துளி வைத்தவன் முகம் அஷ்டகோணலாகியது. "யப்பா, வேப்பெண்ணெய் கெட்டுது, இப்படியா கசக்கும். இது நான் குடுத்தது கிடையாது. நான் குடுத்ததைத் திறந்திருந்தா இந்தக் கட்டடமே காலியாகியிருக்கும்."

ரூலோஃப் குனிந்து சீட்டில் இருந்த பெயரைப் படித்தார். 

"லேபுக்கு அது வரவே இல்ல" என்றாள் ஆல்டா. "உள்ள எது இருந்தாலும் சரி, அந்தக் கம்பெனி பேர் போட்ட புட்டியா இருந்தா போதும். வழியில தூக்கிப் போட்டுட்டு, நல்ல எண்ணெய் உள்ள புட்டியை வச்சு அனுப்பிட்டாங்க."

"வழியிலன்னா?" என்றார் ரூலோஃப்.

ஆல்டா மென்னோவைப் பார்த்தாள்.

மென்னோ மூடியைத் திருகி மூடினான். "நான் ஒரே ஒரு கையிலதான் குடுத்தேன் பாஸ்" என்றான். "ரெண்டு பிஸ்கெட் குடுத்த கை."

*

சீபோல்ட் வீடு இருந்த வின்ஸ்கோட்டன் போகிற வழியெல்லாம் மென்னோ ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. ஊர் எல்லையில்தான் வாய் திறந்தான்.

"அவருக்கும் இதே நோயோட ஒரு பொண்ணு இருக்கு பாஸ். அவரா இப்படி?"

"அந்தப் பொண்ணுக்கு வலிப்பு திரும்பிச்சா?"

மென்னோ யோசித்தான். "இல்ல. நல்லா இருக்கா, சைக்கிள் ஓட்டிட்டு ஸ்கூலுக்கே போறான்னு சொன்னார்."

"சங்கத்துல இதே எண்ணெயைக் குடிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் திரும்பிச்சு. ஒரே ஒரு பிள்ளையைத் தவிர."

சீபோல்ட் வாசலுக்கே வந்து வரவேற்றார். சாந்தமான முகம், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. சமையலறைக்கு அழைத்துப் போனார். ஆல்டாவை மென்னோவின் அத்தை என்று நினைத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை.

"முடிவு கிடைச்சுதா? பாத்தீங்களா, எண்ணெய் சரியாத்தான் இருக்கு. பிள்ளைக்கு வேளை தவறாம குடுக்கணும். வெயில் படாம வைக்கணும்."

"வெயில்ல வைக்கல" என்றான் மென்னோ.

மேசை மேல் அதே சிறுமி படம் போட்ட புட்டி, ஒரு ஸ்பூன், பக்கத்தில் ஆப்பிள் பாகு ஜாடி. நீன்கே பள்ளியிலிருந்து வரும் நேரம்.

"பாகு எதுக்கு?" என்றாள் ஆல்டா, சும்மா கேட்பது போல.

"கசப்புக்கு. வாயில விட்டதும் ஒரு ஸ்பூன் பாகு குடுத்தாத்தான் முழுங்குவா. பதினாலு வயசாச்சு, இன்னும் பழகல."

"இன்னிக்கும் கசக்குதா?"

"என்னிக்கும் கசக்கும், அது அப்படித்தான..." சீபோல்ட் நிறுத்தினார்.

ஆல்டா பையிலிருந்து ஃபென்னாவின் புட்டியை எடுத்து அவருடைய புட்டியின் பக்கத்தில் வைத்தாள். "இது ஃபென்னாவோடது. கசக்காது. நாக்குல வச்சுப் பாருங்க, சாலட்ல ஊத்தலாம். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே லேபிள். ரூலோஃப் எங்க கண்ணு முன்னாடி இதை அளந்தார். ஒண்ணுமே இல்ல."

"அப்ப அவங்க வீட்ல எப்படியோ கெட்டு..."

"நான் குடுத்தது மீன் பொரிச்ச எண்ணெய் சார்" என்றான் மென்னோ. "அதுக்கும் பத்து வந்துது. அது எப்படிக் கெடாம தப்பிச்சுது?"

சீபோல்ட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.  பேசியபோது குரலில் தடுமாற்றமே இல்லை. மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்த பேச்சு அது.

"முதல்ல கண்டுபிடிச்சதே நான்தான். நீன்கேவுக்குத்தான் முதல்ல திரும்பிச்சு. வேற ஒரு லேபுக்கு அனுப்பினேன், ஒண்ணுமே இல்லன்னு வந்துது. நேராப் போய் அமைதி வயல் முதலாளி சட்டையைப் பிடிச்சேன். அவன் பயப்படல. உக்கார வச்சு, உன் பொண்ணுக்கு நிஜ எண்ணெய் ஆயுசுக்கும் வரும், வெளில மத்தவங்களுக்குத்தான் கிடைக்காதுன்னான். பதிலுக்கு, சங்கத்துல இருந்து லேபுக்குப் போற புட்டியை நான் பாத்துக்கணும்."

"பாத்துக்கிட்டீங்க."

"இன்னொரு கம்பெனி எண்ணெய் வாங்கிப் பாத்தோம், அவ உடம்புக்கு ஒத்துக்கல. இது ஒண்ணுதான் கேக்குது. அவ தரையில கிடந்து துடிக்கறதை நீங்க பாத்ததில்ல. என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

 அந்தக் கேள்வியின் மேலே ஒரு சோகமும் அடியிலே ஒரு அழுக்கும் இருந்தன. இரண்டையும் பிரிக்க ஆல்டாவால் முடியவில்லை. 

"தெரியாது" என்றாள். "முதல் நாள் நானும் வாயை மூடியிருப்பேனோ என்னமோ. ஆனா ஒரு பிள்ளை தண்ணில மூழ்கின பிறகு, அவ அம்மாவைக் கூப்பிட்டு வெயில்ல வச்சியான்னு கேட்டிருக்க மாட்டேன்."

சீபோல்ட் முகத்தில் முதல்முறையாக ஏதோ கலைந்தது.

"நீங்க குடுத்த சான்றிதழை நம்பித்தான் இன்னும் எத்தனையோ வீட்ல இதை வாங்கினாங்க" என்றான் மென்னோ. "அந்தக் கம்பெனி விளம்பரத்துக்குப் போட்டது லேபிள்ல இருக்கற பொண்ணை மட்டும் இல்ல சார். உங்களையும்தான்."

கூடத்தில் ஏதோ விழுந்தது. பள்ளிப் பை. மழைக் கோட்டோடு, முடியிலிருந்து தண்ணீர் வழிய, நீன்கே கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஃபென்னா நீச்சல் குளத்துல மூழ்கினது இதனாலயா?" என்றாள்.

"நீன்கே, நீ மேல போம்மா."

"இதனாலயாப்பா?"

சீபோல்ட் தலையைக் குனிந்துகொண்டார். "உனக்காகத்தான் பண்ணேன்."

"என்கிட்ட கேட்டியா?"



ஆல்டா எழுந்து போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ரூலோஃப் உணவுத் துறைக்குச் சொல்லிட்டார். அவங்க ஆளுங்க இங்க கிளம்பிட்டாங்க. அவங்ககிட்ட முதலாளி பேரு, புட்டியைக் கொண்டுவந்து குடுத்த ஆளு, எல்லாத்தையும் நீங்களே சொல்லணும். அதுக்கு முன்னாடி ஹார்ம்கேகிட்ட. நான் சொல்ல மாட்டேன். உங்க வாயாலதான் அவ கேக்கணும்."

சீபோல்ட் போனைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம். புட்டியைத் திறந்து, சொட்டுக் குழாயில் எண்ணெயை ஏற்றிக்கொண்டு மகளருகே வந்தார்.  "நேரமாச்சும்மா. முதல்ல இதைக் குடிச்சுடு. அப்புறம் என்னைத் திட்டு."

நீன்கே வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"விளையாடாத. ஒரு வேளை தவறினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

அவள் அசையவில்லை. குழாயின் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. ஈரப் புல் வாசனை அறை முழுக்கப் பரவியது. சீபோல்ட் உதவி கேட்பது போல ஆல்டாவைப் பார்த்தார். அவருக்கு உதவ அவளுக்குத் துளியும் மனமில்லை. ஆனால் எதிரே நிற்பது பதினாலு வயதுப் பெண். இன்று ராத்திரி துடிக்கப்போவது அவள் உடம்புதான்.

"நீன்கே, எண்ணெய் எந்தத் தப்பும் பண்ணல" என்றாள். "நீயும் பண்ணல. நீ குடிக்காம கிடந்தா ஃபென்னாவுக்கு ஒரு நன்மையும் இல்ல. நாளைக்கு உன் டாக்டர்கிட்ட நானே பேசறேன், இனிமே என்ன செய்யறதுன்னு அவர் சொல்லட்டும். இன்னிக்கு இதைக் குடி."

நீன்கே மழைக் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"அப்பா கையால வேணாம்" என்றாள். "நீங்க குடுங்க."

ஆல்டா கையை நீட்டினாள். ஊரிலுள்ள மற்ற பிள்ளைகளை விலையாகக் கொடுத்து வாங்கிய எண்ணெய். தொடவே கூசியது. சீபோல்ட்டின் விரல்களிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டாள்.

மென்னோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். நீன்கே உட்கார்ந்து, கண்ணை மூடி, நாக்கை உயர்த்தினாள். பின்னால் சீபோல்ட் போனை எடுத்து எண்களை அழுத்துவது கேட்டது.

"ஹார்ம்கே, நான் சீபோல்ட் பேசறேன்" என்றார். பிறகு அவருக்குக் குரல் எழவில்லை. போனுக்குள் ஹார்ம்கே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லுங்க சீபோல்ட், என்ன ஆச்சு, உங்க பொண்ணு நல்லா இருக்காளா?